ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எப்படி

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஆரம்பியுங்கள். வழிபாடு முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கரும்பலகையில் நான்கு கேள்விகள் போதும். இன்று காலை என்ன சாப்பிட்டாய்? அதைச் சமைத்தது யார்? நேற்று ராத்திரி வீட்டில் எத்தனையாவது ஆளாகச் சாப்பிட உட்கார்ந்தாய்? எழுந்ததிலிருந்து இதுவரை எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய்?

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. பெண் பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்து, மாதவிடாய், உடல்நலம் பற்றிப் பேசும் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் சார்ட் மாட்டித்தான் பாடம் நடத்தினேன். புரதம், கொழுப்பு, வைட்டமின், குறைபாட்டு நோய்கள் எல்லாம் வரிசையாக வரும். "இரும்புச்சத்து குறைந்தால்?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "ரத்தசோகை" என்று சொல்லும். அப்படிச் சொன்ன பிள்ளைகளில் ஒருத்தி மறுவாரம் வழிபாட்டு வரிசையிலேயே மயங்கிச் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். முந்தின நாள் மத்தியானம் சத்துணவில் சாப்பிட்டதுதான் கடைசி என்றாள். சார்ட்டை அன்றைக்குத்தான் கழற்றினேன்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அதனால் உங்கள் வகுப்பில் யாருக்கோ இருக்கலாம் என்று நினைத்துப் பாடம் எடுக்காதீர்கள். இரண்டு பெஞ்சுக்கு ஒரு பெஞ்சு என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். எல்லாச் சீட்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, நீங்களே வாசித்துக் கரும்பலகையில் கோடு போடுங்கள். "டீ", "டீயும் வர்க்கியும்", "ஒன்றுமில்லை", "பஸ் வந்துவிட்டது" என்றுதான் நிறைய வரும். எங்கள் பக்கம் அம்மாக்களில் பலர் நூல் மில்லுக்குப் போகிறவர்கள். விடிவதற்குள் மில் வண்டி வந்துவிடும். சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிட்டு, தலை பின்னிக்கொண்டு ஓடுவது இந்தப் பிள்ளைதான். அவளுக்கு ராகியில் கால்சியம் இருப்பது தெரியாமல் இல்லை. சாப்பிட உட்கார ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

மூன்றாவது கேள்வியில் நிதானியுங்கள். "கடைசி", "அம்மாவோடு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு" என்று சீட்டு சீட்டாக வரும்போது வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும். குழம்பில் காய் தீர்ந்தபிறகு, முட்டை தீர்ந்தபிறகு, ரசத்தோடு முடிக்கிறவள் யார் என்பது கரும்பலகையில் தெரிந்துவிடுகிறது. நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். "கடைசியாக உட்காருகிற ஆளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். இரு பாலரும் படிக்கிற பள்ளி என்றால் பையன்களுக்கும் இதே சீட்டைக் கொடுங்கள். நான் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கேள்விக்கான பதில்களைப் பெண்கள், பையன்கள் என்று இரண்டு பத்தியாக எழுதிப்போட்டபோது ஒரு பையன், "நானே முதல்ல உட்கார்ந்துடுறேன் மிஸ், யாரும் சொல்லித் தரல" என்றான். அவன் சொன்னது எனக்கு இன்றைக்கும் முக்கியமாகப் படுகிறது.

அடுத்த வகுப்பு முழுவதும் காலைச் சாப்பாடுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவோ மத்தியானம்தான். இடைப்பட்ட நேரத்துக்குப் பிள்ளை தானாகச் செய்துகொள்ளக் கூடியதைப் பேசுங்கள். அடுப்பு மூட்டாமல், காசு கேட்காமல், பஸ்ஸுக்குள் முடிகிற சாப்பாடு என்ன என்று அவர்களையே சொல்லவிடுங்கள். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வது, முதல் நாள் அவித்து வைத்த தட்டைப்பயறு, ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் வெல்லமும், கரைத்த கம்பங்கூழ் ஒரு சொம்பு என்று எங்கள் வகுப்பிலேயே பதினைந்துக்கு மேல் வந்தது. "பழைய சோறு சாப்பிட்டேன்னு சொல்ல வெக்கமா இருக்கு மிஸ்" என்று ஒருத்தி சொன்னாள். அந்த வெட்கத்தையும் பேச வேண்டியிருந்தது. நானும் வாரத்தில் இரண்டு நாள் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன், அதை உள்ளபடியே சொன்னேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் எண்கள் சொல்லலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது. 100 கிராம் அரிசியில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதே அளவு கம்பில் ஆறுக்கு மேல், கேழ்வரகில் நாலரை, முருங்கைக்கீரையில் ஏறக்குறைய நாலரை. இதை எழுதிப்போட்டு, முந்தின நாள் சாப்பிட்டதை அவர்களையே கூட்டச் சொல்லுங்கள். எட்டு, பத்து என்று நின்றுவிடும். எங்கள் பகுதியில் தோட்டம் தோட்டமாக முருங்கை நிற்கிறது. காய் லாரி ஏறி ஊர் ஊராகப் போகிறது, கீரையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறார்கள். கணக்குப் போட்டு முடித்த அன்று சாயங்காலம் நாலு பிள்ளைகள் போகிற வழியில் கீரை ஒடித்துக்கொண்டு போனார்கள்.

பீட்ரூட், மாதுளை பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு இருக்கிறது. நல்ல காய், நல்ல பழம்தான். ஆனால் இரும்புச்சத்து அதில் குறைவு, மாதுளை விலையும் அதிகம். கறி சாப்பிடுகிற வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் எப்போதாவது எடுத்தால், பொம்பளைப் பிள்ளைக்கும் ஒரு துண்டு வைக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள இரும்பு உடம்பில் சீக்கிரம் சேரும். பாட்டிமார் வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்தது காரணமில்லாமல் இல்லை.

மூன்றாவது வகுப்புக்கு இரண்டு கண்ணாடி டம்ளர், நல்ல கெட்டி டீ டிகாஷன், தேதி முடிந்த இரும்புச்சத்து மாத்திரை இரண்டு எடுத்துப் போங்கள். மாத்திரையின் நீலப் பூச்சைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டிலும் டிகாஷனை ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் டீ நிறத்தில் நிற்கும். மாத்திரை கலந்தது கொஞ்ச நேரத்தில் கருத்துப்போகும். கிட்டத்தட்ட மை மாதிரி இருக்கும். உண்மையில் அது மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதிவினையை வைத்துத்தான். அன்னபேதி இரும்பு உப்பு, கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. டீயிலும் அதே துவர்ப்பு. அது இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டால் குடல் எப்படி எடுத்துக்கொள்ளும்?

டம்ளரைப் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மோந்து பார்ப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், விட்டுவிடுங்கள். டீயை நிறுத்து என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், அது அவர்களுடைய காலை உணவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ காபி வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கூடவே, வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், எலுமிச்சை பிழிந்த கீரை, பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா ஒன்று. கொய்யா சீசனில் இதைச் சொன்னால் மறுநாளே இடைவேளையில் பார்க்கலாம்.

வாராந்திர மாத்திரையைப் பற்றி நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் வியாழக்கிழமைதோறும் கொடுக்கிறோம். இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த நீல மாத்திரை. முதல் வருடம் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று காலை வழிபாட்டிலேயே விழுங்கவைத்தேன். பாதிப் பேர் வெறும் வயிறு. மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் "பள்ளிக்கூடத்து மாத்திரை ஆகாது" என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. அதன்பிறகு ஒரு வருடம் மாத்திரைகள் ஜன்னலுக்கு வெளியேயும் ஜியாமெட்ரி பாக்ஸிலும் கிடந்தன. அந்த நம்பிக்கையைத் திரும்ப வாங்க எனக்கு வெகுநாள் ஆனது.

இப்போது சத்துணவு முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொடுக்கிறேன். அவர்கள் முன்னால் நானும் ஒன்று போட்டுக்கொள்கிறேன். மலம் கருப்பாகப் போகும், அது ரத்தமில்லை, பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாததால்தான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். குமட்டல் வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும் என்றும் சொல்வேன். தொடர்ந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளையை வற்புறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவேன். வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு மாத்திரை வரும். அதை விழுங்காமல் மென்று தின்ன வேண்டும். கொக்கிப்புழு வயிற்றில் இருந்துகொண்டு ரத்தம் குடிக்கும்போது கீரை மட்டும் என்ன செய்யும்? கொல்லைக்குப் போகும்போது செருப்புப் போட்டுப் போகச் சொல்வதும் ஊட்டச்சத்துப் பாடம்தான்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. எப்போது பார்த்தாலும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் பையைத் திறக்கச் சொன்னேன். பென்சில் டப்பா நிறையப் பச்சை அரிசி. ரேஷன் அரிசியை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து நாள் முழுக்க நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அதற்காக அடித்திருக்கிறாள், வாயில் மிளகாய்கூட வைத்திருக்கிறாள். நான் அவளை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ரோஜா நிறமாக இருக்க வேண்டியது வெளிறிக் காகிதம் மாதிரி இருந்தது. நகமும் அப்படித்தான். மருத்துவக் குழு வந்தபோது ஹீமோகுளோபின் 7.4. பன்னிரண்டு இருக்க வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை, வாரம் ஒரு மாத்திரையில் தீராது. மருத்துவமனையில் தினசரி மாத்திரை கொடுத்துப் புழுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் அரிசி தின்பது தானாக நின்றுபோனது. யாரும் கண்டிக்கவில்லை.

அதனால் இதை எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிவையுங்கள். அரிசி, சாக்பீஸ், சாம்பல், மண் தின்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள், பி.இ.டி. பீரியடில் ஓரமாக உட்காருகிறவள், மத்தியானம் தலையைக் கவிழ்த்துப் படுக்கிறவள், இவர்களையெல்லாம் சோம்பேறி என்று சொல்லும் முன் இமையைப் பாருங்கள்.

சத்துணவு வரிசையையும் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு வரை சாப்பிடலாம், வாரத்தில் ஐந்து நாள் முட்டை உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஆனால் எட்டு முடிந்ததும் பெண் பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொள்வதைப் பார்க்கலாம். தட்டோடு நிற்பதைப் பையன்கள் பார்ப்பார்கள், தோழி டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறாள், இப்படிச் சின்னச் சின்னக் கூச்சங்கள். அதற்கு அறிவுரை வேலை செய்யாது. நானும் இன்னும் இரண்டு டீச்சர்களும் அவர்களோடு திண்ணையில் தட்டு வைத்து உட்கார ஆரம்பித்தோம். டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவர்களையும் அதே இடத்தில் உட்காரச் சொன்னோம். யார் டப்பா, யார் தட்டு என்ற வித்தியாசம் இரண்டு மாதத்தில் மங்கிவிட்டது. பதினொன்று, பன்னிரண்டுக்குச் சத்துணவு கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். அந்தப் பிள்ளைகளில் மத்தியானம் சாப்பிடாதவர்கள் யார் என்று யாராவது ஒருவர் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாதவிடாய் வகுப்பைத் தனி வகுப்பாக வையுங்கள். நான் உளுந்தங்களியில் ஆரம்பிக்கிறேன். வயசுக்கு வந்தபோது வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் முகமெல்லாம் மலர்ந்துவிடும். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, அத்தை செய்தது, மாமா கொண்டுவந்தது என்று சொல்லி மாளாது. எத்தனை நாள் கொடுத்தார்கள்? சிலர் ஒன்பது நாள், சிலர் பதினாறு நாள். அதற்கு அடுத்த நாள்? அப்போதுதான் யோசிப்பார்கள். சடங்கு முடிந்ததும் களியும் முட்டையும் முடிந்துவிடுகிறது. ஆனால் மாதாமாதம் ரத்தம் போவது அப்போதுதான் தொடங்குகிறது. அம்மாக்களுக்கும் இந்த ஒரு கணக்குப் போதும், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கேட்ட நான்காவது கேள்வி இங்கே உதவும். காலையிலிருந்து ஒரு டம்ளர்கூடக் குடிக்காத பிள்ளைகள் நிறைய. பள்ளிக் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று குடிப்பதில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய். இதற்குப் பிள்ளையிடம் பாடம் நடத்திப் பயனில்லை, தலைமையாசிரியரிடம் பேசுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். நாங்கள் முதலில் மாற்றியது நான்கு தாழ்ப்பாளும் ஒரு வாளியும்தான். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம், அதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளலாம்.

புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது. அதை அலமாரியில் பூட்டாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் தேதி முன்பின்னாக வருவது சகஜம். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தாலோ, பதினைந்து வயது முடிந்தும் பூப்பெய்தாவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நாட்களில் தயிர் கூடாது, முட்டை கூடாது என்று நிறுத்துகிற வீடுகள் உண்டு. பாட்டியைக் கேலி செய்யாமல், உடம்புக்கு அன்றைக்குத்தான் கூடுதலாகத் தேவை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

எடை பார்ப்பதை வகுப்பு நடுவில் செய்யவே செய்யாதீர்கள். மறைப்புக்குப் பின்னால், ஒவ்வொருத்தியாக, எண்ணைச் சத்தமாக வாசிக்காமல் செய்யுங்கள். "குண்டு", "ஒல்லிக்குச்சி", "கருவாச்சி" என்ற சொற்கள் ஆசிரியர் வாயிலிருந்து செல்லமாகக்கூட வரக் கூடாது. ஒல்லியாக வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திய பத்தாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவளை அந்த முடிவுக்குத் தள்ளியது ஒரு வகுப்பறைக் கேலி.

பிள்ளைகள் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டோடு நிற்காது. தூக்கம் வரவில்லை, அப்பா குடிக்கிறார், கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள் என்று வரும். கேளுங்கள். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். "உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும், உனக்குத் தெரிவித்துவிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதவையுங்கள்.

கடைசியாக அம்மாக்கள் கூட்டம். பள்ளி நேரத்தில் வைத்தால் மில்லுக்குப் போகிறவர்கள் வர முடியாது. ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, ஊருக்குள்ளேயே, கோயில் மண்டபத்திலோ அங்கன்வாடியிலோ வையுங்கள். கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு அம்மாக்களுக்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களும் கடைசியில் சாப்பிடுகிறவர்கள்தான். டீ டம்ளர் சோதனையை அங்கே பிள்ளைகளே செய்து காட்டட்டும். போன ஆண்டு அந்த அரிசிப் பிள்ளைதான் டிகாஷன் ஊற்றினாள். தண்ணீர் கருத்தபோது முன்னால் உட்கார்ந்திருந்த அவள் அம்மா கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எத்தனை மணிக்குத்தான் குடிக்கிறது டீச்சர்?" என்று கேட்டார். மில்லுக்குள் சாப்பாட்டு நேரம் எப்போது, டீ எப்போது தருகிறார்கள் என்று கேட்டு, அவர் ஷிப்டுக்கு ஏற்றபடி ஒரு நேரத்தை அங்கேயே உட்கார்ந்து குறித்துக் கொடுத்தோம்.